கால் டன் கோலம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அல்லிக்குளம் மூன்றாவது தெருவில் இருபத்தாறு வீட்டுக்கும் தெரியும். என் பெயர் வேதா. குரோம்பேட்டையில் ஒரு பொறியியல் கல்லூரியின் மண் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக மணலையும் களிமண்ணையும் சலித்து, நனைத்து, எடை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆகவே மணலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கமுடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் மண் விழுந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் தெரு மேட்டிலிருந்து சரிந்து வந்து ஒரு சின்ன விளையாட்டுத் திடலில் முடிகிறது. திடலின் மூலையில் பொதுக் கிணறு. மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் அத்தனையும் எண்ணெயையும் சேற்றையும் வாரிக்கொண்டு கால்வாய்க்கு ஓடிவிடும். சித்திரையில் கிணறு வறண்டு, நாங்கள் குடத்தோடு லாரிக்கு நிற்போம். போன வருஷம் பத்தொன்பது நாள் நின்றேன். பத்தொன்பதாம் நாள் குடத்தை வீட்டில் வைத்துவிட்டு நேராக மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தேன். அப்புறம் அந்த மனு எந்த மேஜையில் படுத்தாலும் போய் எழுப்பினேன். ஆவணியில் திடலோரம் மணல் தொட்டி கட்டி முடித்தார்கள்.

விஷயம் எளிது. தெருத் தண்ணீர் முதலில் ஒரு சின்னத் தொட்டியில் விழும். இலை, பிளாஸ்டிக் கவர், கனமான சேறு எல்லாம் அங்கேயே தங்கிவிடும். வழிகிற தண்ணீர் பக்கத்திலிருக்கும் பெரிய தொட்டிக்குப் போகும். அதில் மேலே ஒன்றரை அடி மணல், கீழே ஜல்லி, அதற்கும் கீழே ஒரு குழாய். மணலில் இறங்கித் தெளிந்த தண்ணீர் அந்தக் குழாய் வழியாகக் கிணற்றில் விழும்.

பராமரிப்பு என் பொறுப்பு. நானே கேட்டு வாங்கிக்கொண்டது. வாரம் ஒருமுறை சின்னத் தொட்டியில் குப்பை அள்ளவேண்டும். மழை நின்றதும் பெரிய தொட்டியில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து, எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எத்தனை மணி நேரத்தில் மணல் கண்ணுக்குத் தெரிகிறது என்று நோட்டில் எழுதவேண்டும். ஒரு நாளுக்குள் வடிந்துவிட்டால் தொட்டி நலம். அதற்கு மேல் நின்றால் மணலை எதுவோ அடைக்கிறது என்று பொருள்.

ஐப்பசியில் ஒன்றரை அடித் தண்ணீர் ஏழு மணி நேரத்தில் இறங்கியது. கார்த்திகையில் எட்டு மணி நேரம். எனக்குத் தலைகால் புரியவில்லை. "இந்தச் சித்திரைக்கு லாரி வராது, எழுதி வச்சுக்கோங்க" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஒரு வீட்டையும் விடவில்லை.

மார்கழி பிறந்தது. மார்கழி என்றால் எங்கள் தெருவில் கோலப் போட்டி. முப்பது நாளும் மதிப்பெண் உண்டு. போட்டியை நடத்துவது நான். நான்கு வருஷமாக ஜெயிப்பதும் நான். இதில் ஏதோ கோளாறு இருப்பதாக எனக்கு மட்டும் தோன்றியதே இல்லை. அரிசி மாவில் கோடு பளிச்சென்று விழாது என்பதால் எல்லாரும் கல்மாவில்தான் போடவேண்டும் என்று விதி செய்ததும் நான்தான். மேட்டு வீட்டுச் செல்லியம்மாள் ஒருத்திதான் மாட்டேன் என்றாள். "கல்லு மாவுல போட்டா எறும்பு இன்னா துன்னும்?" என்று கேட்டாள். அதற்காகத் தினமும் அவளுக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.

அந்த மாதம் முதல் மழைத் தண்ணீர் இறங்கப் பதினெட்டு மணி நேரம் ஆயிற்று. அடுத்ததற்கு முப்பது. மார்கழி இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை பெய்த மழை, செவ்வாய்க்கிழமை காலையிலும் அப்படியே தொட்டியில் நின்றுகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் உதவிப் பொறியாளர் தமிழினி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். இந்தத் தொட்டியைக் கட்டும்போது வெயிலில் என்னோடு கூடவே நின்ற பெண். என் நோட்டை வாங்கிப் புரட்டினாள்.

"அக்கா, நாலாவது தெருவுல இருந்து கொசு கம்ப்ளெயின்ட் வந்திருக்கு. நாப்பத்திமூணு மணி நேரமா தண்ணி நிக்குது. நீங்களே எழுதி வச்சிருக்கீங்க."

"எழுதாம இருந்திருக்கணும்."

"வெள்ளிக்கிழமை மழை இருக்குன்னு சொல்றாங்க. அந்தத் தண்ணி ஒரு நாளைக்குள்ள இறங்கலன்னா, மேல ஸ்லாப் போட்டு மூடிட்டு லைனை நேரா கால்வாய்க்குக் குடுக்கச் சொல்லிட்டாங்க. எனக்கு மனசே இல்லக்கா. ஆனா டெங்கு வந்துட்டா யார் பதில் சொல்றது?"

அவள் போனபிறகு தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்றேன். மூடிவிட்டால் மறுபடி திறக்கமாட்டார்கள். மறுபடி சித்திரை, மறுபடி லாரி, மறுபடி குடம். வீடு வீடாகப் போய் வாக்குக் கொடுத்தவள் வரிசையில் எந்த முகத்தோடு நிற்பது? குனிந்து பார்த்தேன். தண்ணீருக்கு அடியில் மணலின் மேல் வெள்ளையாக ஒரு படலம். பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. சுவருக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன் பூசுவார்களே, அந்தப் பட்டி. அந்தச் சமயம் தெருவில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது ஒரே ஒரு இடத்தில்தான்.

துளசிங்கம் இந்த ஊரின் பழைய குடும்பம். எங்கள் தெருவும் திடலும் ஒரு காலத்தில் அவர்கள் கழனி. இப்போது மெயின் ரோட்டில் சிமென்ட், மணல், ஜல்லி விற்கும் கடை வைத்திருக்கிறார். செல்லியம்மாளின் கணவர். தெருமுனையில் மகளுக்காக மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார். புதன்கிழமை காலை அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது போய் எதிரே நின்றேன்.

"அண்ணா, உங்க பட்டித் தண்ணிய எங்க ஊத்தறீங்க?"

"இன்னாம்மா வேதா, காலங்காத்தால? பட்டி மூட்டையே இன்னும் பிரிக்கல. மேல பூச்சு வேலையே முடில."

"பொய் சொல்லாதீங்க. தொட்டி முழுக்க வெள்ளையா படிஞ்சிருக்கு. என் கண்ணால பாத்தேன்."

"வெள்ளையா கீறதெல்லாம் என் பட்டியா? அப்போ மேல போவுதே மேகம், அது யாருது?"

மேஸ்திரி சிரித்தார். சித்தாள்கள் சிரித்தார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. தெருவே வாசலுக்கு வந்து பார்க்கும்படி கத்தினேன். கடைசியில், "ஊரை வித்துத் தின்னது போதலையா, தண்ணியையும் கெடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். துளசிங்கம் டீ டம்ளரைக் கீழே வைத்தார். வேலையை நிறுத்தச் சொன்னார். சாயங்காலம் நான் கல்லூரியிலிருந்து திரும்பி வரும்போது அவர் கட்டடத்தைச் சுற்றி ஒரு சொட்டு வெளியே வராதபடி மணல் மூட்டை அடுக்கியிருந்தது. குற்றமுள்ள நெஞ்சு இல்லாவிட்டால் ஏன் அடுக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட புத்திசாலி நான்.

கையில் ஆய்வகத்திலிருந்து எடுத்துவந்த ஒரு குழாய் இருந்தது. கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் குழாய். அதை மணலில் செங்குத்தாக அழுத்தி, மேல்வாயை மூடிக்கொண்டு இழுத்தால், மணல் எந்த அடுக்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே உள்ளே வந்துவிடும். பட்டியைக் கையும் களவுமாகப் பிடித்துத் தமிழினியிடம் காட்டவேண்டும் என்பது என் திட்டம். அதற்குள் தண்ணீர் ஒருவழியாக வடிந்திருந்தது. மணலை மிதித்தால் இறுகிவிடும் என்பதால் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் மண்டி போட்டுக் குழாயை அழுத்தினேன். இழுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

அடியில் நல்ல பழுப்பு மணல். மேலே ஒன்றரை அங்குலத்துக்குக் கெட்டியாக வெள்ளை. ஆனால் வெறும் வெள்ளை இல்லை. வெள்ளைக்கு நடுவே மெல்லிசாக ஒரு ரோஸ் கோடு. அதற்கு மேல் நீலம். அதற்கு மேல் மஞ்சள், பச்சை, மறுபடி ரோஸ்.

பட்டியில் ஏது ரோஸ்?

குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த நீலத்தை எனக்குத் தெரியும். கடைக்காரர் கொடுத்த நீலம் பிடிக்காமல், அதில் பச்சையைக் கொஞ்சம் கலந்து நானே செய்த நீலம். மார்கழி நான்காம் நாள் என் வாசலில் தோகை விரித்த மயில். பத்துக்குப் பத்து மதிப்பெண். கீழே இருந்த ரோஸ், இரண்டாம் நாள் போட்ட தாமரை. மஞ்சள், பக்கத்து வீட்டு நித்யஸ்ரீயின் சூரியகாந்தி. முழு மார்கழியும் தேதிவாரியாகக் குழாய்க்குள் நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. தினமும் விடிகாலையில் நாங்கள் என்ன செய்கிறோம்? முந்தின நாள் கோலத்தின் மேல் வாளித் தண்ணீரை விசிறி அடித்து, விளக்குமாற்றால் தேய்த்துக் கழுவிவிட்டுப் புதுக் கோலம் போடுகிறோம். கழுவின மாவு எங்கே போகும்? தெரு சரிகிற பக்கம் போகும். ஒரு வாசலுக்கு அரைக் கிலோ. செல்லியம்மாளை விட்டால் இருபத்தைந்து வாசல். இருபது நாள். மனக்கணக்கு போட்டேன். இருநூற்றைம்பது கிலோ. கால் டன் கல்மாவு. அதுவும் சின்னத் தொட்டியில் தங்காமல் மிதந்து போகும்படி வழுவழுவென்று அரைத்த உயர்ந்த ரக மாவு. ரகம் பார்த்து மூட்டை மூட்டையாக வரவழைத்ததும் நான்தான். தொட்டி கட்டியபிறகு வந்த முதல் மார்கழி இது. அதனால்தான் முன்னே தெரியவில்லை.

பலகையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் துளசிங்கம் டீ டம்ளரைக் கீழே வைத்தது ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

எழுந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். பத்து வீடு தாண்டிப் போவதற்குள் நான்கு முறை திரும்பிவிடலாமா என்று தோன்றியது. கதவைத் திறந்த செல்லியம்மாள் என்னைப் பார்த்தாள், கையிலிருந்த குழாயைப் பார்த்தாள். "உள்ள வா" என்று மட்டும் சொன்னாள். துளசிங்கம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். குழாயை நீட்டினேன்.

"இன்னாது, குல்ஃபியா?"

"கோலம் அண்ணா. எங்க கோலம். தொட்டிய அடைச்சது உங்க பட்டி இல்ல. நாங்க கழுவி விட்ட மாவு. நான் பேசினது எல்லாம் தப்பு. கடைசியா சொன்னது ரொம்பத் தப்பு. மன்னிச்சிடுங்க."

அவர் குழாயை வாங்கி விளக்கருகே பிடித்துப் பார்த்தார். மயிலின் நீலத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். செல்லியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரிக்கிறாள் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

"என்னாண்ட சொல்லாதம்மா," என்றார் துளசிங்கம். "நீ கத்தினத தெரு மொத்தமும் கேட்டுச்சு. எங்கப்பா உழுத மண்ணுல நின்னுகினு, ஊரை வித்துத் தின்னவன்னு கேட்டுகினு வந்தேன். நாளைக்குத் தெரு மொத்தத்துக்கும் சொல்லு. அப்பால பாக்கலாம்."

அது நியாயம்.

வியாழக்கிழமை விடிகாலை எல்லாப் பெண்களும் வாளியோடு வாசலுக்கு வந்தபோது, நான் தெரு நடுவில் போய் நின்றேன். வழக்கமாக என் குரல் திடல்வரை கேட்கும். அன்றைக்கு முதலில் இரண்டு முறை கனைத்தேன். அப்புறம் சொன்னேன். துளசிங்கம் அண்ணன் மேல் ஒரு தப்பும் இல்லை, தொட்டியை அடைத்தது நம் கோலம், அதிலும் என் விதி, என் மூட்டை, என் மயில் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். குழாயைக் கைமாற்றிக் கைமாற்றி எல்லாரும் பார்த்தார்கள்.

"ஐயோ, இது என் சூரியகாந்தி!" என்று நித்யஸ்ரீ கத்தினாள். வங்கியில் வேலை. என்னைவிட மூன்று மதிப்பெண்தான் பின்னால் இருந்தாள். "அதுக்காக மார்கழில கோலம் போடாம இருக்க முடியுமா ஆன்ட்டி? இன்னும் ஆறு நாள்தான் இருக்கு!"

ஆளுக்கு ஒன்று பேச ஆரம்பித்தார்கள். கோலத்தை நிறுத்தினால் வீட்டுக்கு ஆகாது என்றாள் ஒருத்தி. தொட்டியை மூடினால் எல்லார் வீட்டுக்கும் ஆகாது என்றாள் இன்னொருத்தி. எப்போது வந்தாளோ தெரியவில்லை, செல்லியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் வாசலுக்குப் போனாள். கையில் துடைப்பமும் முறமும். காய்ந்து கிடந்த என் முந்தின நாள் கோலத்தை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கூட்டினாள். குவிந்த மாவை முறத்தில் அள்ளினாள். அதற்கப்புறம்தான் வாளியைத் தொட்டாள்.

"மொதல்ல பெருக்கு, அப்பால தெளி. இதுக்கு இன்னா இம்மாம் பேஜாரு?" என்றாள். "எடுத்த மாவ சலிச்சா நாளைக்குப் புள்ளி வெக்க ஆவும்."

இருபத்திரண்டு வருஷமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு சலிக்கிற எனக்கு இது தோன்றவில்லை. அவளைக் கட்டிக்கொண்டேன். "விடுடி, மாவு ஒட்டுது" என்று நெளிந்தாள்.

இனிமேல் கழுவாமலிருந்தால் போதாது, உள்ளே படிந்ததை எடுக்கவேண்டும். கைவசம் ஒரே நாள். மேல் மணலை இரண்டு அங்குலத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டு, கழுவின புது மணல் போடவேண்டும். நான் லீவு சொன்னேன். நித்யஸ்ரீ லீவு சொன்னாள். வீட்டுக்கு ஒரு ஆள் வந்தார்கள். மணலை மிதிக்கக்கூடாது என்று நான்கு பலகைகளைக் குறுக்கே போட்டு, அதில் வரிசையாக உட்கார்ந்தோம். மண்வெட்டி ஆழமாக இறங்கிவிடும் என்பதால் ஆளுக்கொரு தோசைத் திருப்பி. கல்லில் ஒட்டின தோசையை எடுக்கிற மாதிரி, கோலத்தைப் பத்தை பத்தையாக எடுத்தோம். "இந்தா உன் அன்னப்பட்சி", "இது யார் வீட்டுப் பொங்கப்பானை?" என்று ஒரே கூச்சல். என் கணவர் சம்பத் பக்கெட்டில் சுமந்து கொட்டினார். முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் நான் செய்த தப்பை அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சுமந்து நான் பார்த்ததில்லை.

பதினோரு மணிக்கு ஒரு மினி லாரி திடலுக்குள் பின்புறமாக வந்தது. துளசிங்கம் இறங்கினார். பின்னால் கழுவின மணல், தண்ணீர் சொட்டச் சொட்ட.

"இன்னாம்மா, தெருவாண்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் அண்ணா."

"சத்தமா சொன்னியா?"

"நேத்து கத்தினதைவிட சத்தமாதான்."

"என் காதுல விழலியே," என்றார். பலகையிலிருந்து மொத்தப் பேரும் சிரித்தார்கள். இந்தத் தடவை அவரும் சிரித்தார். நான் ஒரு கைப்பிடி மணலை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். கை வெளுக்கவில்லை. துளி தூசி இல்லாத மணல். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுவித்தான் எடுத்தாந்தேன். மறுக்கா உன் வாயால திட்டு வாங்க என்னால ஆவாது."

மூன்று மணிக்கு மணல் மட்டம் சரியாகிவிட்டது. கைகால் கழுவிக்கொண்டு எல்லாரும் வானத்தைப் பார்த்தோம். மேகம் தெற்கே கறுத்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பிடித்த மழை எட்டு மணிக்கு விட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அளவுகோலில் ஒன்றரை அடி. நோட்டில் நேரத்தை எழுதினேன். ஒன்பது மணிக்கு இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறை எண்ணினேன். இரண்டுதான். பத்து மணிக்கு நான்கரை. வேலைக்குப் போகிறவர்கள் வழியில் நின்று, "ஆன்ட்டி, எவ்ளோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அலுவலகத்திலிருந்து நித்யஸ்ரீ மணிக்கொரு தரம் போன் பண்ணினாள். மத்தியானம் அரை அடிதான் பாக்கி. அதற்குமேல் எனக்கு உட்காரமுடியவில்லை.

நான்கு மணிக்கு முன்னால் தமிழினி வந்துவிட்டாள். "நாளைக்குத்தான் வரணும். மனசு கேக்கல" என்றாள். திடலில் பாதித் தெரு நின்றது. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு துளசிங்கமும் வந்திருந்தார். தொட்டியில் ஒரு விரல் ஆழம் தண்ணீர். கிணற்றுக்குள் குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் முதலில் ஒரு கையகலம் மணல் தெரிந்தது. அப்புறம் ஒரு முறம் அகலம். அப்புறம் தண்ணீர் நான்கு மூலைக்கும் ஒதுங்கி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்விட்டது. பழுப்பு மணல், ஈரத்தோடு, சுத்தமாக.

"எட்டு மணி நேரம்," என்றாள் தமிழினி. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, ஸ்கூட்டர் சீட்டில் வைத்து, "மூட வேண்டியதில்லை" என்று எழுதிக் கையெழுத்து போட்டாள்.

நான் அழுதுவிட்டேன். கல்யாணப் பெண்ணை வழியனுப்புகிற வீட்டில் அழுகிற மாதிரி, வாய்விட்டு, வெட்கமில்லாமல். நான் கத்திப் பார்த்திருக்கும் தெரு, நான் அழுது பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாரும் நின்றார்கள். துளசிங்கம்தான் பக்கத்தில் வந்தார்.

"இந்தப் பக்கம் தள்ளி நின்னு அழுவும்மா," என்றார். "தொட்டில விழுந்தா அதையும் அளந்து எழுதணும்."

சிரிப்பும் அழுகையுமாக எனக்குப் புரையேறிவிட்டது. செல்லியம்மாள் என் தலையில் தட்டினாள். கிணற்றடியிலிருந்து சம்பத், தண்ணீர் மூன்று சிமென்ட் உறை உயரத்துக்கு ஏறிவிட்டது என்று கூப்பிட்டார். எல்லாரும் அதைப் பார்க்க ஓடினார்கள், நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.